மேற்படி நாவலை முழுமையாகப் படித்துள்ளேன்

மக்கள் புத்தகம் படிப்பதே இல்லை என்று விளக்கும் அறிக்கை ஒன்று வாசிப்பு வளர்ச்சித் துறைக்கு வந்து சேர்ந்தது. அது நாற்பது பக்க அறிக்கை. ஆகவே பதினேழு நாட்கள் அதை யாரும் படிக்கவில்லை.

பதினெட்டாம் நாள் மேலிடத்திலிருந்து போன் வந்தது. அறிக்கையின் மீது என்ன நடவடிக்கை என்று கேட்டார்கள். "தீவிரப் பரிசீலனையில இருக்குங்க" என்று இயக்குநர் எழுந்து நின்று பணிவாகச் சொன்னார். போனை வைத்ததும், "அந்த அறிக்கை எங்கேய்யா?" என்று சத்தம் போட்டார். கண்காணிப்பாளர் அறையில் ஆடிக்கொண்டிருந்த மேசைக்கு அது முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. எடுத்து, நீவி, கொண்டுவந்து வைத்தார்கள். இயக்குநர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அனுபவசாலிகள் எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார்கள். புகழ்பெற்ற பழைய நாவல் ஒன்றைப் பலகை விளையாட்டாக மாற்றி வெளியிட்டால் மக்கள் ஆடிக்கொண்டே இலக்கியத்துக்குள் வந்துவிடுவார்கள் என்று அங்கே எழுதியிருந்தது.

இயக்குநருக்குப் பள்ளிக்கூடத்தில் துணைப்பாடமாக வந்த ஒரு நாவல் ஞாபகத்துக்கு வந்தது. அதன் சுருக்கத்தை எழுதி அவர் பத்துக்கு ஆறு மதிப்பெண் வாங்கியிருந்தார். அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று கண்காணிப்பாளரிடம் வாய்மொழியாகச் சொன்னார். கண்காணிப்பாளர் முப்பது வருடம் கோப்பு எழுதிப் பழுத்தவர். 'பொருள்: மேற்படி நாவலைப் பலகை விளையாட்டாக மாற்றுதல் தொடர்பாக' என்று முத்து முத்தான கையெழுத்தில் ஆரம்பித்தார். மேற்படி என்றால் மேலே சொன்னது என்று அர்த்தம். மேலே கயிறு கோக்கும் துளை மட்டும்தான் இருந்தது. இருந்தாலும் அன்றிலிருந்து அந்த நாவலுக்குத் துறையில் அதுவே பெயராயிற்று.

அடுத்து ஒரு சுற்றறிக்கை போயிற்று. இத்திட்டத்தின் மாண்பைக் கருதி, துறையில் பணிபுரியும் அனைவரும் மேற்படி நாவலைப் படித்திருத்தல் அவசியம். படித்தமைக்கான சான்றினை இன்று மாலை நான்கு மணிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். நாவல் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். துறை நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு பிரதி. மூன்றரை மணிக்குள் இயக்குநர் உட்பட அறுபத்து மூன்று பேரும் 'மேற்படி நாவலை முழுமையாகப் படித்துள்ளேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒற்றைப் பிரதி அன்று முழுவதும் மூன்றாம் பிரிவு உதவியாளரின் கைப்பையில் இருந்தது. நூலகர் இதைக் கவனித்தார். அவரும் அறுபத்து மூவரில் ஒருவர் என்பதால் பெரிதுபடுத்தவில்லை.

அந்த உதவியாளர் நாலு வருடமாகத் தபால் பதிவு செய்துகொண்டிருந்தவள். கணவர் ஆறு மணி நேர ரயில் தூரத்தில் வேறொரு ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். பதினொரு வயது மகள் அவரோடு இருந்தாள். இவள் வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்து ரயிலேறுவாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி ரயிலேறுவாள். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் எதிர் சீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் நாவல் படிக்கும் பழக்கத்துக்கு ஆளானாள். மாற்றல் கேட்டு ஒன்பது மனு கொடுத்திருந்தாள். மகளுக்கு ஜடை பின்னிவிட அப்பாவே கற்றுக்கொண்டுவிட்டார் என்று தெரிந்த வாரம், அலுவலகக் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பத்தாவது மனுவை எழுதினாள்.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, அந்த நாவலை நெஜமாவே நீங்க படிச்சிட்டீங்களாமே?"

அவள் தயங்கினாள். அந்த அலுவலகத்தில் 'நெஜமாவே' என்று ஆரம்பிக்கும் கேள்வி விசாரணையில்தான் போய் முடியும்.

"ரயில்ல படிச்சேன் சார். ரெண்டு தடவை."

"சரி, ஆனது ஆச்சு, விடுங்க. ஆட்டத்தை நீங்களே உருவாக்கிக் குடுங்க. உங்க மாற்றல் மனு இதோ என் மேஜையிலதான் இருக்கு. ஆட்டம் வெளியாகிற அன்னிக்கு ஆர்டர் உங்க கையில."

மனு உண்மையிலேயே மேசையில்தான் இருந்தது. அதன்மேல் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாவலின் கதை இதுதான். அண்ணன் தம்பி இருவர் ஒரு வீட்டுக்காகச் சண்டை போட்டு, நடுவில் சுவர் எழுப்பிக்கொள்கிறார்கள். முப்பது வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் தினமும் தம்பி சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அண்ணன் இருமும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவான். ஒருநாள் இருமல் கேட்கவில்லை. தம்பி கடப்பாரையை எடுத்துச் சுவரை இடிக்கிறான். அண்ணனோ சுவரில் காதை வைத்தபடியே இறந்து கிடக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டில் ஒரு செருப்புப் பெட்டியைப் பிரித்து, பலகையின் நடுவே அட்டைச் சுவர் ஒன்றை நிறுத்தினாள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அடுத்தவர் காய் எங்கே நிற்கிறது என்று தெரியாது. பேசக் கூடாது. சுவரைத் தட்டலாம், அவ்வளவுதான். ஒரு தட்டு என்றால் நலம், இரண்டு தட்டு என்றால் நலமில்லை. பொய்யாகவும் தட்டலாம்.

அப்பாவும் மகளும் ஆடினார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு அப்பா பக்கமிருந்து தட்டே வரவில்லை. மகள் தட்டினாள். மறுபடி தட்டினாள். அவளுக்கு உதடு பிதுங்கியது.

"அம்மா, எட்டிப் பாத்தா நான் தோத்துடுவேனா?"

"எட்டிப் பாத்தாத்தாண்டி ஜெயிப்பே. அதுதான் ஆட்டம்."

மகள் அட்டைச் சுவரைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர், "ஐயோ, நான் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்" என்று திணறினார். ஆட்டம் முடிந்ததும் மகள் நாவலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் முடித்துவிட்டாள். திட்டத்தின் நோக்கம் இத்துடன் முழுமையாக நிறைவேறிவிட்டது. ஆனால் அதற்கு அலுவல் முறையில் ஆதாரம் எதுவும் இல்லை.

செருப்புப் பெட்டி, வடிவமைப்புக் குழுவின் முன் வைக்கப்பட்டது. குழுவில் இயக்குநரும் கண்காணிப்பாளரும் இருந்தார்கள். கூடவே வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். அவர் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. அவற்றில் இரண்டு வேறு அலுவலகங்களுடையவை. எந்த வாக்கியத்தையும் ஒரே மொழியில் முடிப்பதில்லை என்று அவர் ஒரு கொள்கை வைத்திருந்தார்.

"நாவலோட கான்செப்ட் சூப்பர் சார்," என்றார் ஆலோசகர். "ஒரே பிரச்சினை, அதுல வார்த்தை ரொம்ப அதிகம்."

இயக்குநர் தலையசைத்தார். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. அது இருக்கட்டும், அண்ணனும் தம்பியும் ஏன் பேசிக்க மாட்டேங்கறாங்க?"

"அதுதான் சார் கதை," என்றாள் உதவியாளர்.

"துறை வெளியிடற ஆட்டத்துல குடும்பச் சண்டையா? பேசிக்கட்டும்மா."

"பேசிக்கிட்டா நடுவுல சுவர் எதுக்கு சார்?"

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க. சுவரை எடுத்துருங்க."

"சுவர்னாலே நெகட்டிவ் சார்," என்றார் ஆலோசகர். "இப்ப ஓப்பன் ஸ்பேஸ்தான் டிரெண்ட்."

"சுவர் இல்லேன்னா எதைத் தட்டறது சார்?"

"தட்டறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா தட்ட வேண்டியதில்ல. ஒரு வேலை மிச்சம்," என்றார் கண்காணிப்பாளர். முப்பது வருடத்தில் அவர் மிச்சம் பிடித்த வேலைகள் ஏராளம்.

அடுத்து அண்ணனின் சாவு விவாதத்துக்கு வந்தது. எட்டு வயதுக் குழந்தைகள் ஆடப்போகும் ஆட்டத்தில் சாவு கூடாது என்றார் இயக்குநர். அண்ணன் எப்படியாவது கதையை விட்டுப் போயாக வேண்டுமே என்றாள் உதவியாளர். கண்காணிப்பாளர் கண்ணை மூடி யோசித்தார்.

"மாற்றலாகிப் போகட்டும் சார்."

எல்லாருக்கும் நிம்மதியாயிற்று. அண்ணன் இறக்கும் கட்டத்தில் 'மாற்றல் உத்தரவு' என்று எழுத முடிவாயிற்று. அந்தக் கட்டத்துக்கு வந்தவருக்குப் பரிசா தண்டனையா என்பதில்தான் சிக்கல்.

"மாற்றல்னா தண்டனைதான். பத்துக் கட்டம் பின்னால போகணும்," என்றார் இயக்குநர்.

"பரிசு சார்!" என்று உதவியாளர் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியபின், 'மாற்றல் பெற்றவர் மறு உத்தரவு வரும் வரை அதே கட்டத்தில் நிற்கவும்' என்று சமரசம் ஏற்பட்டது.

பகடையையும் குழு விட்டுவைக்கவில்லை. ஒருவருக்கு ஆறு விழுவதும் இன்னொருவருக்கு ஒன்று விழுவதும் பாகுபாடு அல்லவா? ஒன்று முதல் ஆறு வரை கூட்டிச் சராசரி பார்த்தார்கள். மூன்றரை வந்தது. பகடையில் அரைப் புள்ளி போட இடமில்லாததால் ஆறு பக்கமும் மூன்று என்று தீர்மானித்தார்கள். இதனால் எல்லாரும் மூன்று மூன்று கட்டமாகத்தான் போவார்கள் என்பதும், ஐம்பதாவது கட்டத்தில் அச்சாகவிருந்த இயக்குநரின் வாழ்த்துரை மேல் கடைசிவரை எவரும் கால் வைக்கப் போவதில்லை என்பதும் உதவியாளருக்கு உடனே புரிந்தது. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

அவள் வேறு பலவற்றையும் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசினால் ஆட்டம் தள்ளிப்போகும், ஆட்டம் தள்ளிப்போனால் மாற்றல் தள்ளிப்போகும். அவளுக்குச் சுவரின்மேல் ஆசைதான். மகளின் ஜடைமேல் அதைவிட ஆசை. அன்று ரயிலில் நாவலைப் பையிலிருந்து எடுக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கோப்பு கொள்முதல் பிரிவுக்குப் போயிற்று. 'மேற்படி நாவலுக்காகக் காய்கள், நான்கு நிறத்தில், பெட்டிக்குப் பதினாறு வீதம்' என்று அதில் கண்டிருந்தது. பத்து நாள் கழித்து, கோப்பு அழுகும் பொருட்கள் பிரிவில் இருப்பதாகத் தகவல் வந்தது. உதவியாளர் ஓடினாள்.

"சார், இது சமையல் காய் இல்ல. ஆட்டத்துல நகர்த்தற காய்."

கொள்முதல் அலுவலர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "காய்னுதானேம்மா எழுதியிருக்கு? காய்னா மூணு நாளைக்கு மேல தாங்காது. பிரதி திங்கள் வியாழன் புதுசா வாங்கணும்னு குறிப்பு போட்டுட்டேன்."

"இது மரக்காய் சார்."

"மரத்துல காய்ச்சாலும் காய்தானேம்மா? நாலு நிறம்னு வேற கேட்டிருக்கீங்க. பச்சை இருக்கு, சிவப்பு இருக்கு, மஞ்சள் பூசணியில வரும். நீலத்துக்குத்தான் அலைஞ்சுக்கிட்டிருக்கேன்."

அவள் தன் பையிலிருந்த செருப்புப் பெட்டிக் காய் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அலுவலர் அதை முகர்ந்து பார்த்தார். தவறு நிகழ்ந்திருப்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அழுகும் பொருட்கள் பிரிவில் ஒருமுறை பதிவானதை அழிக்க விதியில்லை. ஆகவே மரக்காய்களையே அழுகும் பொருளாக வாங்கிக்கொள்ள ஒப்புதல் தந்தார். இதனால் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் 'பொதிந்த நாளிலிருந்து மூன்று நாட்களுக்குள் பயன்படுத்தவும்' என்று அச்சாயிற்று.

பெட்டியின் மேல்மூடியில் ஆட்டத்தின் பெயர் பெரிய பொன் எழுத்துகளில் இருந்தது: மேற்படி. கீழே சின்ன எழுத்தில், புகழ்பெற்ற நாவலைத் தழுவியது. அச்சகத்தார் கோப்பில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தார்கள். துறையில் யாரும் இதில் பிழை காணவில்லை. உதவியாளர் மட்டும் மூடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெட்டிகளை எண்ணி வைக்கப் போனாள்.

வெளியீட்டு விழாவுக்கு மேலிடத்திலிருந்தே ஒருவர் வந்தார். "மேற்படியை என் சின்ன வயசுல தலையணைக்கு அடியில வச்சுப் படிச்சவன் நான்" என்று அவர் தழுதழுத்தார். பலத்த கைதட்டல். மறுநாள் பத்திரிகையில் ஒரு விமரிசகர், ஆட்டம் சுமார்தான், மேற்படியின் மொழியழகை எந்தப் பலகையாலும் கொண்டுவர முடியாது என்று எழுதினார். இன்னொருவர் அதை மறுத்தார். ஒரு மாதம் சண்டை நடந்தது. புத்தகக் கடைகளில் மேற்படி இருக்கிறதா என்று நிறையப் பேர் கேட்டார்கள். கடைக்காரர்களும் சளைக்காமல், நேற்றுதான் தீர்ந்துபோயிற்று என்றார்கள்.

விழாவன்று சொன்னபடியே மாற்றல் உத்தரவு கைக்கு வந்தது. அதை அவள் மூன்று முறை படித்தாள். ஆனால் உத்தரவு வந்தால் மட்டும் போய்விட முடியுமா? பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவிப்புக் கடிதம் கேட்டுப் போனபோது இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எப்படிம்மா விடறது? மேற்படி நாவல் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். அடுத்து ரெண்டாம் பதிப்பு வேற வருது. நாவலைப் படிச்ச ஒருத்தர் கெடைக்கற வரைக்கும் இருங்க. கெடைச்சதும் மறுநாளே போகலாம்."

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். அப்படிப்பட்ட ஒருத்தர் கிடைப்பதற்குள் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும் என்று தோன்றியது. பிறகு தன் மேசை இழுப்பறையைத் திறந்தாள். தபால் பதிவு செய்பவள் அல்லவா, துறையில் போன காகிதம் வந்த காகிதம் எல்லாம் அவளிடம்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு கோப்போடு திரும்பி வந்தாள்.

இயக்குநர் பிரித்தார். முதல் பக்கத்தில் இரண்டே வரி. 'இத்துடன் இணைத்துள்ள சான்றுகளின்படி மேற்படி நாவலை முழுமையாகப் படித்தோர் துறையில் என்னையும் சேர்த்து அறுபத்து மூன்று பேர். என்னை நீக்கினால் மீதி அறுபத்து இரண்டு பேரில், தாங்கள் உட்பட, எவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.' அடியில் சான்றுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இயக்குநரின் சான்று இருந்தது.

"என்னம்மா இது, மிரட்டலா?"

"இல்ல சார். இணைப்பு."

இயக்குநர் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். "நீங்க படிச்சிருக்கீங்கல்ல?"

"முழுமையா படிச்சேன் சார்," என்றார் கண்காணிப்பாளர், நிமிர்ந்து நின்று.

"அப்ப பொறுப்பை நீங்க எடுத்துக்குங்க."

கண்காணிப்பாளர் முகம் வெளிறிப்போயிற்று. படிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் பொய்ச் சான்று. படித்தேன் என்றால் இரண்டாம் பதிப்பு. அவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, மறுநாளிலிருந்து மருத்துவ விடுப்பில் போனார். உதவியாளர் அன்று மதியமே ரயிலேறினாள். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். எதிர் சீட்டுக்காரர் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார்.

புது ஊரில் துறையின் கிளை அலுவலகம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். காலையில் மகளுக்கு ஜடை பின்னிவிட்டு வந்து உட்கார்ந்தால், ஐந்து மணிக்கு வீடு. முதல் நாள் கிளை அலுவலர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"மேற்படி நாவல் படிச்சிருக்கீங்களா மேடம்? பழைய ஆபீஸ்ல குடுத்த சான்று இங்க செல்லாது. படிச்சிருந்தா சொல்லுங்க, ஒரு பெரிய பொறுப்பு காலியா இருக்கு. ஆறு மாசம் ஊர் ஊரா போய்..."

"படிச்சதில்ல சார்," என்றாள் அவள், கண் இமைக்காமல்.

அலுவலர் பதறிவிட்டார். துறையின் எல்லாக் கிளைகளிலும் சேர்த்து அந்த நாவலைப் படிக்காதவர் என்று அதிகாரபூர்வமாக இருப்பது அவள் ஒருத்திதான். இந்தக் குறையைப் போக்க மூன்று நாள் பயிற்சி முகாம் அறிவிக்கப்பட்டது. முகாம் நடத்த விதிப்படி முப்பது பேர் தேவை. ஆகவே படித்த இருபத்தொன்பது பேரையும் அவளோடு உட்கார வைத்தார்கள். பயிற்சி கொடுக்க ஆலோசகர் வந்தார். கழுத்தில் இப்போது நாலு அட்டைகள். வடிவமைப்புக் குழுவில் பார்த்த அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அண்ணனும் தம்பியும் எவ்வளவு அந்நியோன்னியமாக வாழ்ந்தார்கள் என்று அவர் இரண்டு நாள் விளக்கினார். மூன்றாம் நாள் மாலை, கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். நாலே முக்கால் ஆகியிருந்தது.

"இந்த மேடம் மட்டும்தான் நாவலைப் படிக்காதவங்க. அவங்களையே கேப்போம். கிளைமாக்ஸ்ல அண்ணன் என்ன ஆகறார்?"

சுவரில் காதை வைத்தபடி கிடந்த அந்த மனிதரை அவள் நினைத்துப் பார்த்தாள். அவரை இரண்டு தடவை அழுது வழியனுப்பியவள் அவள். சொன்னால் ஏன் எப்படி என்று கேட்பார்கள். விசாரணை வரும். ஐந்து மணி தாண்டிவிடும்.

"மாற்றலாகிப் போறார் சார்."

"கரெக்ட்!" என்று ஆலோசகர் துள்ளினார். "பாருங்க, ஒரு பக்கம்கூட படிக்காமலே எவ்வளவு கரெக்டா சொல்றாங்க!"

இருபத்தொன்பது பேரும் கைதட்டினார்கள். அவளும் கூடச் சேர்ந்து தட்டினாள்.